இலந்தை மரத்துக் கூடும் டாக்டர் ராக்ஸ்பர்க்கும்

எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிவ்யூவில் நாங்க அசிங்கப்பட்ட கதையில் இருந்து ஆரம்பிக்கிறேன். ப்ராஜெக்ட் ரொம்ப சிம்பிள். அந்துப்பூச்சி போட்டோவைக் கொடுத்தால் அதன் பெயரைச் சொல்லணும். இணையத்தில் கிடைத்த படங்களை இறக்கி, பெயர் வாரியாக ஃபோல்டர் போட்டு, மாடலை ட்ரெயின் பண்ணினோம். மற்ற பூச்சிகளை எல்லாம் ஒழுங்காகச் சொன்ன மாடல் இரண்டு பெயரில் மட்டும் தடுமாறியது. ஒன்று ஆந்தெரியா பாஃபியா, இன்னொன்று ஆந்தெரியா மைலிட்டா. இரண்டு வாரம் லேர்னிங் ரேட்டை மாற்றினோம், படத்தைத் திருப்பிப் போட்டோம், லேயரைக் கூட்டினோம். ஒன்றும் அசையவில்லை.

மாடல் மேல தப்பே இல்லைங்கறது அப்புறம்தான் தெரிஞ்சது. அந்த இரண்டு ஃபோல்டரிலும் இருந்தது ஒரே பூச்சி, டசர் பட்டு கொடுக்கிற பூச்சி. ஒரே ஆளுக்கு இரண்டு ரோல் நம்பர் கொடுத்துவிட்டு அடையாளம் சொல்லு என்றால் யார்தான் சொல்ல முடியும்?

நடுவில் பொங்கல் லீவு வந்தது, விளாத்திகுளம் போனேன். எங்க தாத்தாவின் புஞ்சை வைப்பாற்றுப் பக்கம் இருக்கிறது. கரிசல் மண், மிளகாய், கொஞ்சம் உளுந்து, வரப்பில் ஆமணக்கு. ஓரத்தில் ஓர் இலந்தை மரம். பழம் பொறுக்கப் போன இடத்தில், சின்னக் கோழிமுட்டை அளவில் சாம்பல் நிறத்தில் ஏதோ கிளையில் தொங்கியது. கல் மாதிரி கெட்டி. மேலே ஒரு காம்பு, அந்தக் காம்பின் நுனி கிளையைச் சுற்றி மோதிரம் போட்ட மாதிரி வளையம். தாத்தா பார்த்துவிட்டு இது பூச்சிக் கூடு என்றார். உள்ளே புழு செத்துக் காய்ந்துபோன கூட்டைச் சின்ன வயசில் கிலுகிலுப்பையாக ஆட்டி விளையாடினாராம். அதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். பூச்சிக் கூடுதான் பெயர் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

இந்தப் பூச்சிக்கு யார் பெயர் வைத்தது, ஏன் இரண்டு பெயர் என்று தேடிப் போனபோது ஒரு டாக்டர் கிடைத்தார். வில்லியம் ராக்ஸ்பர்க். இந்தியத் தாவரவியலின் தந்தை என்று பல புத்தகங்களில் போடுவார்கள். நீங்க தாவரவியல் படிக்காவிட்டாலும் அவரோட பெயர் ஒட்டின மரத்தடியில் நிச்சயம் நின்றிருப்பீங்க. நம்ம ஊர் வெள்வேல மரத்தின் அறிவியல் பெயருக்குப் பின்னால் அவர் பெயர் உண்டு. ஆற்றங்கரை மருத மரத்துக்கும் உண்டு. வெப்பாலைக்கும் உண்டு. கோடிங் பக்கம் இருக்கிறவர்களுக்குச் சொல்வதானால் இது கிட் ப்ளேம் மாதிரி. அந்தப் பெயரை முதலில் வைத்தது யார் என்று பெயருக்குப் பின்னாலேயே எழுதி வைத்திருப்பார்கள்.

1751-இல் ஸ்காட்லாந்தின் அயர்ஷையரில் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் படித்தார். அந்தக் காலத்தில் மருந்து என்றால் முக்கால்வாசி செடிதான், அதனால் மருத்துவ மாணவர்கள் தாவரவியலும் படித்தாகணும். அங்கே அதைச் சொல்லிக்கொடுத்தவர் ஜான் ஹோப். லின்னேயஸ் என்ற ஸ்வீடன்காரர் அப்போதுதான் உலகத்து உயிர்களுக்கெல்லாம் இரண்டு சொல்லில் பெயர் வைக்கும் முறையைக் கொண்டு வந்திருந்தார். ஹோப் அந்த முறையை ஆர்வமாகப் பிடித்துக்கொண்டவர். அவரிடம் கற்றது ராக்ஸ்பர்க்குக்கு வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொண்டது. படித்துவிட்டு கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் மருத்துவ உதவியாளராகப் போய்வந்தார். 1776-இல் மதராஸில் கம்பெனியின் உதவி மருத்துவராகச் சேர்ந்தார். அப்போது வயது ஏறக்குறைய 25. கேம்பஸில் ப்ளேஸ் ஆகி வெளியூர் போவோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. என்ன, அவர் வந்த பயணத்துக்கு மாதக்கணக்கு ஆனது.

மதராஸில் அவர் பண்ணின முதல் வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. வெப்பம், காற்றழுத்தம், காற்று, மழை எல்லாவற்றையும் ஒரு நாளைக்கு மூன்று முறை குறித்து வைத்தார். நாள் தவறாமல். நாம லேப் ரெக்கார்டை எந்த ராத்திரி எழுதுறோம்னு உங்களுக்கே தெரியும். அந்தக் குறிப்புகள் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அச்சாகின. மழைக்கணக்கு எழுதும் இந்தப் பழக்கம் பின்னால் ஒரு பெரிய விஷயத்துக்கு உதவியது. அதற்கு வருகிறேன்.

1770-களின் கடைசியில் நாகூரில் இருந்தார். பக்கத்திலேயே தரங்கம்பாடி, அப்போது டென்மார்க்காரர்களின் ஊர். அங்கே 1768-இல் வந்து இறங்கியவர் ஜோஹன் கெர்ஹார்ட் கோனிக், லின்னேயஸிடமே நேரில் படித்தவர். சோழமண்டலக் கரையில் செடியும் பூச்சியும் சேர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ஆற்காடு நவாபிடம் வேலை பார்த்துவிட்டு, பிறகு கம்பெனிக்கே தாவரவியலாளர் ஆனார். ராக்ஸ்பர்க்குக்கு நம்ம பக்கத்துச் செடிகளைப் பார்க்கும் கண்ணைக் கொடுத்ததில் இவருக்குப் பங்கு உண்டு. 1785-இல் காக்கிநாடா பக்கத்தில் கோனிக் வயிற்றுக்கடுப்பில் படுத்தபோது, கடைசியில் கூட இருந்து வைத்தியம் பார்த்தவர் ராக்ஸ்பர்க்தான். காப்பாற்ற முடியவில்லை.

1781-இல் ராக்ஸ்பர்க் கோதாவரிப் பக்கம் சாமல்கோட்டைக்கு மாற்றலாகியிருந்தார். அங்கே ஒரு தோட்டம் போட்டார். மிளகு, காபி, இலவங்கப்பட்டை, ஈரப்பலா, பட்டுப்பூச்சிக்கு முசுக்கொட்டை என்று எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தார். மருத்துவர் வேலை பெயருக்கு. கம்பெனிக்கு எதில் காசு வரும் என்று தேடுவதுதான் நிஜ வேலை. இதை மறைக்க வேண்டியதில்லை. சீனாவில் இருந்தும் மேற்கிந்தியத் தீவுகளில் இருந்தும் வாங்குகிற சரக்கை இங்கேயே விளைவித்தால் லாபம், அவ்வளவுதான் கணக்கு. மதராஸில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சனும் அதே காலத்தில் முசுக்கொட்டைத் தோட்டம், பட்டுப்புழு என்று இறங்கியிருந்தார். அது கடைசியில் எடுபடவில்லை.

சாமல்கோட்டையில் ராக்ஸ்பர்க் உள்ளூர் ஓவியர்களைச் சம்பளத்துக்கு வைத்து, பார்த்த செடியை எல்லாம் அதே அளவில் வரைய வைத்தார். இலை, பூ, காய், வெட்டின விதை வரைக்கும் தனித்தனியாக. கடைசியில் அது 2,500 படங்களைத் தாண்டியது. ஒரு செட் கல்கத்தாவில், ஒரு செட் லண்டன் கியூ தோட்டத்தில் இன்றைக்கும் இருக்கிறது. ஸ்கேன் பண்ணியதை நீங்களும் பார்க்கலாம், பார்த்தால் வாயைப் பிளப்பீங்க. ஆனால் வரைந்தவர்களின் பெயர்? தேடிப் பார்த்தேன், படங்களில் இல்லை. ஒவ்வொரு செடிக்கும் இரண்டு சொல்லில் பெயர் கொடுத்த மனிதர், அதை வரைந்தவரின் ஒற்றைப் பெயரை எழுதி வைக்கவில்லை. எனக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது.

அவருக்கும் அடி விழுந்தது. கடலோரத்தில் வந்த ஒரு வெள்ளத்தில் அதுவரை சேர்த்த செடித்தொகுப்பும் குறிப்புகளும் போயின. பேக்கப் கிடையாது. முதலில் இருந்து ஆரம்பித்தார்.

1789-இல் தொடங்கி வருஷா வருஷம் மழை பொய்த்தது. வட சர்க்கார் முழுக்கக் கொடிய பஞ்சம். கரிசல்காரங்களுக்குப் பஞ்சத்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை, தாது வருஷக் கதை நம்ம வீடுகளில் இன்னும் இருக்கு. ராக்ஸ்பர்க் தன் மழைக்கணக்கைப் புரட்டிப் பார்த்தார். பித்தாபுரம் ராஜாவின் குடும்பக் குறிப்புகளில், நூறு வருஷத்துக்கு முன்னும் இதே மாதிரி மழை தொடர்ந்து பொய்த்ததாக இருந்ததைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பசிபிக் கடல் சூடாகி நம்ம மழையைக் கெடுக்கிற எல் நினோ என்ற பெயரெல்லாம் அப்போது கிடையாது. இன்றைக்கு வானிலை வரலாறு எழுதுகிறவர்கள் 1789 முதல் 1793 வரையான பெரிய எல் நினோவுக்குச் சான்றாக எடுப்பது இவரோட அந்தக் குறிப்புகளைத்தான். தென்னை, பனை, வாழை, பலா, ஈரப்பலா மாதிரி மழை பொய்த்தாலும் ஏதாவது கொடுக்கிற மரங்களை வாய்க்கால் கரையிலும் ஊர் ஓரத்திலும் நடச் சொல்லிக் கம்பெனிக்குத் திரும்பத் திரும்ப எழுதினார். கம்பெனி ஆள்தான், லாபக் கணக்கு போட்டவர்தான். ஆனாலும் பஞ்சத்தைப் பார்த்து அவர் எழுதியவை வெறும் லாபக் கணக்கு இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

அதே 1789 நவம்பரில் மலைக்காரர்கள் அரக்கு ஒட்டின குச்சிகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். விடத்தலைக் குச்சி. ஆமாம், நம்ம கரிசலில் முள்ளோடு நிற்குமே, அதே விடத்தலைதான். பத்திரமாக எடுத்து வைத்தார். பதினான்கு நாள் கழித்து, டிசம்பர் 4-ஆம் தேதி, கண்ணுக்குத் தெரிகிறதா இல்லையா என்கிற அளவில் ஆயிரக்கணக்கில் சிவப்புப் பூச்சிகள் ஊர்ந்து வந்தன. அந்தப் பூச்சியின் வாழ்க்கையைப் பார்த்துப் பார்த்து எழுதினார். கெர்மெஸ் லாக்கா என்று பெயரும் வைத்தார். ஆனால் ஜேம்ஸ் கெர் என்பவர் சில வருஷம் முன்பே அரக்குப் பூச்சியைப் பற்றி எழுதிவிட்டார். இன்றைக்கு அதன் பெயர் கெரியா லாக்கா. ராக்ஸ்பர்க் வைத்த பெயர் நிற்கவில்லை. பூச்சி விஷயத்தில் அவருக்கு இதே ராசி தொடர்ந்தது.

1793-இல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தைத் தொடங்கிய ராபர்ட் கிட் இறந்தார். அந்த இடத்துக்கு ராக்ஸ்பர்க் போனார். போனபோது அங்கே சுமார் 300 வகைச் செடிகள், அவர் கிளம்பியபோது சுமார் 3,500. நம்ம கதையின் பூச்சி இந்தக் கல்கத்தா காலத்தில்தான் வருகிறது.

வங்காளத்தில் இரண்டு வகைப் பட்டு புழக்கத்தில் இருந்தது. இரண்டுமே முசுக்கொட்டை இலை தின்கிற சாதாரணப் பட்டுப்புழுவுடையது இல்லை. ஒன்று பீர்பூம் மலைப்பக்கத்துக் காட்டுப் பட்டு, டசர். இன்னொன்று தினாஜ்பூர், ரங்க்பூர் பக்கம் வீட்டிலேயே வளர்க்கிற பட்டு. அது தின்பது ஆமணக்கு இலை. ஆமணக்குக்கு வடமொழியில் ஏரண்டம், அதிலிருந்து வந்ததுதான் எரி பட்டு. ராக்ஸ்பர்க் இதை அரிண்டி என்று எழுதினார். ஐரோப்பாவில் இந்தப் பூச்சிகளின் இறக்கையை ஊசி குத்திய பெட்டியில் பார்த்திருந்தார்கள். புழு எது, கூடு எது, என்ன தின்னும், எந்தப் பட்டு எந்தப் பூச்சியிடம் இருந்து வருகிறது என்பதைச் சேர்த்துச் சொல்லும் விவரம் அங்கே சரியாகப் போய்ச் சேரவில்லை. இந்த முடிச்சுகளை எல்லாம் ஒன்றாகப் போட்டு அவர் எழுதிய கட்டுரை லண்டன் லின்னேயன் சங்கத்தில் 1802-இல் வாசிக்கப்பட்டு, 1804-இல் படங்களோடு அச்சானது.

அதைப் படித்தபோதுதான் எங்க புஞ்சை இலந்தையில் தொங்கியது என்னன்னு எனக்குப் புரிஞ்சது. இந்தப் புழு இலந்தை இலையும் தின்னும், மருத இன மரங்களின் இலையும் தின்னும் என்று எழுதியிருக்கிறார். விரல் நீளத்துக்கு மேல் வளர்கிற பச்சைப் புழு. கூட்டைக் கட்டுவதற்கு முன்னால், இலையோடு சேர்ந்து விழுந்துவிடாமல் இருக்கக் கிளையைச் சுற்றி ஒரு வளையம் போட்டு, அதிலிருந்து காம்பு இறக்கி, அதன் முனையில் கூடு. மெக்கானிக்கல் நண்பர்கள் அந்த வளையத்தை ஒரு தடவை கையில் எடுத்துப் பார்க்கணும். மழை முடிந்து கட்டின கூட்டுக்குள் அடுத்த மழை வரைக்கும் மாசக்கணக்கில் தூங்கும். பிறகு வாயிலிருந்து ஒரு திரவத்தை விட்டுக் கூட்டின் ஒரு முனையை இளக்கிக்கொண்டு வெளியே வரும். வெளியே வந்த பூச்சிக்குச் சாப்பிட வாயே கிடையாது. இணை சேர்ந்து, முட்டை வைத்து, சில நாளில் செத்துப்போகும்.

மலைக்காரர்கள் இதை எப்படி வளர்த்தார்கள் என்பதுதான் கட்டுரையில் எனக்குப் பிடித்த இடம். காட்டுக்குள் போய் மரத்தடியில் புழுக்கை கிடக்கிறதா என்று தரையைப் பார்ப்பார்கள். இருந்தால் மேலே புழு இருக்கிறது. கிளையோடு வெட்டி வந்து தங்கள் மரங்களில் பிரித்து விடுவார்கள். பகலில் பறவையும் ராத்திரி வௌவாலும் தின்னாமல் இருக்கக் காவல் காப்பார்கள். நம்ம ஊரில் கம்பங்கொல்லைக்குக் காவல் இருப்போமே, அதே மாதிரிதான். எரி பட்டு விவரத்தை ஜாங்கிபூரில் இருந்த அட்கின்சன் என்ற வெள்ளைக்காரர் எழுதி அனுப்பினார், அவர் பெயர் கட்டுரையில் இருக்கிறது. மரத்தடியில் புழுக்கையைப் பார்த்துப் புழுவைக் கண்டுபிடித்தவர்கள் பெயர் வழக்கம்போல இல்லை.

இப்போது பெயர்ச் சண்டைக்கு வருவோம். லின்னேயஸ் 1758-இல் பாஃபியா என்று ஒரு ஆசிய அந்துப்பூச்சிக்குப் பெயர் வைத்திருந்தார். இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. 1773-இல் லண்டனில் ட்ரூ ட்ரூரி என்ற வெள்ளி நகைக்காரர், பூச்சி சேர்ப்பதில் பைத்தியமானவர், ஒரு பூச்சிக்கு மைலிட்டா என்றும் இன்னொன்றுக்கு சிந்தியா என்றும் பெயர் வைத்தார். அவரும் இங்கே வந்ததில்லை. ராக்ஸ்பர்க் டசர் பூச்சியைப் பாஃபியா என்று முடிவு செய்தார். ஆமணக்குப் பூச்சியை சிந்தியா என்று முடிவு செய்தார்.

இரண்டாவது முடிவு நிற்கவில்லை. ட்ரூரியின் சிந்தியா சீனத்துப் பூச்சி. நம்ம ஆமணக்குப் பூச்சி அதற்குச் சொந்தக்காரன், ஆனால் வேறு. இன்றைக்கு அதன் பெயர் சாமியா ரிசினி. பல தலைமுறையாக மனிதர் வளர்த்து வளர்த்து, காட்டில் தானாக வாழாத பூச்சியாகவே ஆகிவிட்டது.

முதல் முடிவுதான் எங்க ப்ராஜெக்டில் வெடித்தது. ஒரே உயிருக்கு இரண்டு பெயர் இருந்தால் பழையது செல்லும் என்பது விதி. அப்படியானால் 1758-இன் பாஃபியா ஜெயிக்கணும். ஆனால் லின்னேயஸ் பாஃபியா என்று எழுதியபோது எந்தப் பூச்சியை மனதில் வைத்திருந்தார் என்பதில் பின்னால் வந்தவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை. சிலர் தென்னிந்தியா, இலங்கைப் பூச்சிக்குப் பாஃபியா என்கிறார்கள். நம்ம மத்தியப் பட்டு வாரிய வெளியீடுகளில் டசர் என்றால் மைலிட்டாதான். போதாக்குறைக்கு இந்தப் பூச்சி இடத்துக்கு இடம் மாறும். ஆண் செங்கல் நிறம், பெண் மஞ்சள் சாம்பல். கூட்டின் அளவும் நிறமும் காட்டுக்குக் காடு வேறு. தாபா, ரெய்லி, மோடல் என்று நாற்பதுக்கும் மேற்பட்ட வட்டார இனங்களைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பெட்டியில் குத்தின நாலு பூச்சியை மட்டும் பார்ப்பவர் நாலு பெயர் வைக்கத்தான் செய்வார். எங்க மாடலும் படத்தை மட்டும்தான் பார்த்தது. ராக்ஸ்பர்க்கின் அடையாளத்தில் இருந்த பலம் வேறு மாதிரி. முட்டை, புழு, கூடு, தின்கிற மரம் எல்லாவற்றையும் சேர்த்து இது ஒரே உயிர் என்றார். பெயர் மாறினாலும் அந்த விவரங்களைத் தூக்கிப் போட முடியவில்லை.

உடம்பு பலமுறை படுத்தியது. இடையில் இரண்டு முறை பிரிட்டன் போய்த் திரும்பினார். 1813-இல் கடைசியாகக் கல்கத்தாவை விட்டுக் கிளம்பினார். வழியில் செயின்ட் ஹெலினா தீவில் தங்கியபோதும் சும்மா இருக்கவில்லை, அந்தத் தீவின் செடிகளுக்கு ஒரு பட்டியல் போட்டார். 1815-இல் எடின்பரோவில் இறந்தார். அவரோட பெரிய புத்தகம் ஃப்ளோரா இண்டிகா அப்போது அச்சாகவே இல்லை, கையெழுத்துப் பிரதியை இங்கேயே நண்பர் வில்லியம் கேரியிடம் விட்டுப் போயிருந்தார். செராம்பூரில் பைபிள் அச்சடித்த அதே கேரிதான். அவர் 1820-இல் தொடங்கி, முழுப் பதிப்பை 1832-இல் கொண்டுவந்தார். ஆசிரியர் செத்துப் பதினேழு வருஷம் கழித்து.

ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி நாங்க இரண்டு ஃபோல்டரையும் ஒன்றாக்கினோம். பாஃபியாவா மைலிட்டாவா என்று ரூமில் ஒரு மணி நேரம் சண்டை. கடைசியில் டசர் என்று மட்டும் டைப் பண்ணினேன். அக்யூரசி ஏறியது. அறிவியல் பெயர் ஏன் போடவில்லை என்று பேனலில் கேட்டார்கள். 1758-இல் இருந்து ஆரம்பித்தேன். மூன்று நிமிஷத்தில் போதும் உட்காருப்பா என்றார்கள்.

கூடு இப்போது ஹாஸ்டல் ரூமில், ஒரு ஷூ டப்பாவில், இலந்தைக் குச்சியோடு இருக்கிறது. ஆட்டிப் பார்த்தேன், கிலுகிலுக்கவில்லை. அதனால் உள்ளே இருப்பது உயிரோடுதான் இருக்கணும். மூடியில் ஓட்டை போட்டு வைத்திருக்கிறேன். மழை வரணும்.